121 கொரோலாவின் ஒட்டோ கியர் பொக்ஸை வீட்டில் கழற்றிப் பூட்டுவது: யாழ்ப்பாணத்தில் முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

கியர் ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய், கிறீம் ஹவுஸ் பலூடா நிறத்தில் நுரைத்துப்போய் இருந்தது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே கார் குறிகாட்டத் தொடங்கிவிட்டது. மூன்றாம் கியருக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் கத்தும், கார் இழுக்காது. "எண்ணெயை மாத்தினால் சரிவரும் அண்ணை" என்று ஒருவர் மாற்றியும் தந்தார். மூன்று நாள் ஓடியது.

அதன்பிறகு கார் நான்கு மாதம் வீட்டுக் கொட்டகைக்குள் நின்றது. முறையாகச் செய்தால் இந்த வேலைக்கு ஆறு கிழமைக்குமேல் தேவையில்லை. மிச்சக் காலம் முழுக்க என் பிழைகளுக்குப் போனது. அதே பிழைகளை நீங்களும் காசு கொடுத்து வாங்கவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. பிறேக் பாட் மாற்றுவேன், ஸ்ராட்டர் கழற்றிப் பூட்டுவேன், ஒருமுறை வோட்டர் பம்ப் மாற்றியிருக்கிறேன். குறைந்தது அந்த அளவு கைப்பழக்கமாவது வேண்டும். ஸ்பனர் பிடித்தே பழக்கமில்லை என்றால் கியர் பொக்ஸில் தொடங்காதீர்கள்.

1. பெட்டியின் இலக்கத்தைப் படியுங்கள்

வாகனத்தின் பெயரைச் சொல்லிக் கியர் பொக்ஸ் சாமான் வாங்க முடியாது. எஞ்சின் அறையின் பின்சுவரிலோ கதவுத் தூணிலோ ரொயோட்டாவின் சிறிய உலோகத் தகடு இருக்கும். அதில் "டிரான்ஸ்/ஆக்ஸில்" என்ற வரியில் உள்ளதுதான் உங்கள் பெட்டியின் இலக்கம். 1.5 லீற்றர் எஞ்சினோடு வந்த 121 கொரோலாவில் அது யூ340ஈ. நான்கு கியர், கணினி கட்டுப்படுத்தும் பெட்டி. 110 கொரோலாவில் இருப்பது வேறு பெட்டி, அதன் சாமான் இதற்குள் போகாது.

நான் "121 கொரோலா" என்று மட்டும் தொலைபேசியில் சொல்லி ஓடர் கொடுத்தேன். வேறொரு பெட்டியின் கிட் (திருத்தலுக்கான சாமான் பொதி) வந்தது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் கிளச் தட்டின் பற்கள் பொருந்தவில்லை. திருப்பி அனுப்பி மாற்ற மூன்று கிழமை. தகட்டைப் படம் எடுத்து, அந்தப் படத்தையே கடைக்கு அனுப்புங்கள்.

தகட்டில் இருப்பது சி.வி.ரி. வகை என்றால் இத்தோடு வாசிப்பை நிறுத்திவிடலாம். அக்ஸியோ, வெகன் ஆர் போன்றவற்றில் பரவலாக அதுதான் இருக்கிறது. உள்ளே உருக்குப் பட்டியும் கப்பிகளும், அது வீட்டு வேலை அல்ல. ஹைபிரிட் வாகனங்களுக்கும் இதே பதில்.

2. ஏன் பழுதானது என்று தெரியாமல் திறக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். பெட்டியைத் திறந்து புதுத் தட்டுப் போட்டு மூடுவது பாதி வேலைதான். தட்டை எரித்த காரணம் வெளியில் அப்படியே இருந்தால், புதுத் தட்டையும் அது எரிக்கும்.

முதலில் எண்ணெயைப் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. கரும்பழுப்பாகி எரிந்த மணம் வந்தால் கிளச் தட்டுகள் எரிந்துவிட்டன. பலூடா நிறமென்றால் ரேடியேற்றர் தண்ணீர் எண்ணெயோடு கலந்திருக்கிறது. 121 இல் கியர் எண்ணெயைக் குளிராக்கும் குழாய் ரேடியேற்றரின் கீழ்த் தொட்டிக்குள்தான் ஓடுகிறது. அது அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் இந்தப் பக்கமும் எண்ணெய் அந்தப் பக்கமும் போகும். தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படையின் பசையைத் தண்ணீர் இளக்கிவிடும். படை துண்டு துண்டாகக் கழன்று வரும்.

ஏன் அரித்தது? என் தவறுதான். நான்கு வருடமாக ரேடியேற்றருக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் பூமி. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிற நாங்கள், அதே தண்ணீரை அலுமினியத்துக்குள் ஊற்றிவிட்டு யோசிப்பதில்லை. கூலன்ட் போத்தலுக்குக் கொடுக்க மனம் வராத காசைப்போல எத்தனையோ மடங்கு பிறகு கொடுத்தேன்.

எண்ணெய் நிறம் சரியாக இருந்தால் அடுத்தது ஸ்கானர், காரின் கணினியில் பதிந்த பழுதுக் குறிகளை வாசிக்கும் கருவி. ஓ.பி.டி. ஸ்கானர் உங்களிடம் இல்லையென்றால் சிறு தொகைக்கு கராஜ்களில் பார்த்துத் தருவார்கள். பி0750, பி0755 வந்தால் சோலனொய்ட் (எண்ணெய் வழிகளைத் திறந்து மூடும் மின்வால்வு) பக்கம் பாருங்கள். சிலவேளை பெட்டியையே இறக்காமல், அடியில் எண்ணெய் தேங்கும் கீழ்த் தட்டைக் கழற்றிச் சோலனொய்டை மாற்றுவதோடு முடியும். வயர் கறள் பிடித்திருந்தாலும் இதே குறி வரும். பி0741 என்றால் கொன்வேட்டரின் லொக்-அப் கிளச் பக்கம். எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியே பெட்டிக்குக் கடத்துவதுதான் கொன்வேட்டர்.

பிறகு நேரப் பரிசோதனை. எஞ்சின் சூடான பிறகு பிறேக்கை அழுத்திக்கொண்டு என்-இலிருந்து டி-க்குப் போடுங்கள். உள்ளே பிடிக்கிற அதிர்வு 1.2 விநாடிக்குள் வரவேண்டும். என்-இலிருந்து ஆர்-க்கு 1.5 விநாடிக்குள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள், ஒவ்வொரு தடவைக்கும் இடையில் ஒரு நிமிடம் விடுங்கள். பிறேக்கையும் அக்சிலரேட்டரையும் சேர்த்து முழுக்க மிதிக்கும் ஸ்டோல் பரிசோதனையும் உண்டு. அதை 5 விநாடிக்குமேல் செய்யக்கூடாது. வீட்டு முற்றத்தில், மதிலுக்கு முன்னால் காரை நிறுத்தி அதைச் செய்வதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எந்தக் கியர் போனது என்பதை ஓட்டிப் பார்த்துக் குறித்துவையுங்கள். யூ340ஈ இல் சி1 என்ற கிளச் 1, 2, 3 ஆம் கியர்களில் வேலை செய்கிறது. சி2 மூன்றிலும் நான்கிலும். சி3 உம், பி3 என்ற உள்பிறேக்கும் சேர்ந்து பின்னோக்கி. எனக்கு ஒன்றும் இரண்டும் இருந்தன, மூன்றும் நான்கும் போய்விட்டன. சி2 என்று திறக்காமலே சொல்லலாம், திறந்தபோது அதுதான் மொட்டையாக இருந்தது. முன்னோக்கி ஒன்றுமே இல்லை, பின்னோக்கி மட்டும் இருக்கிறது என்றால் சி1 இல் தேடுங்கள்.

இந்த நிலையில் காரை எங்காவது கொண்டுபோகவேண்டி வந்தால், முன்சில்லுகள் நிலத்தில் உருளும்படி கயிறு கட்டி இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாது, மிச்சமிருப்பதும் தேய்ந்துவிடும். முன்பக்கத்தைத் தூக்கித்தான் இழுக்கவேண்டும். முழுக் காப்புறுதி உள்ளவர்கள் ஒப்பந்தத்தில் இழுவைச் சேவை இருக்கிறதா என்று பாருங்கள். கியர் பொக்ஸ் தேய்மானத்துக்கு இழப்பீடு கேட்டு மினக்கெட வேண்டாம். இயந்திரப் பழுதை வாகனக் காப்புறுதி சேர்ப்பதில்லை.

3. கடதாசிகள்

முதல் கடதாசி திருத்துகைக் கைநூல். உங்கள் பெட்டியின் இலக்கத்துக்குரியது, வேறொன்று அல்ல. இடைவெளி அளவுகள், போல்ட் இறுக்கும் அளவுகள், தட்டுகளின் ஒழுங்கு எல்லாம் அதில்தான் உண்டு. கிளச் பகுதியை அச்சிட்டு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கையோடு தொலைபேசியைத் தட்டித் தட்டிப் பார்க்க முடியாது.

வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும்தான் இருக்கின்றன. ஆகவே அதே வகைக் கியர் பொக்ஸைத் திருத்துவதற்கோ மாற்றுவதற்கோ மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு எழுதவேண்டியதில்லை. எஞ்சின் மாற்றினால் கதை வேறு.

நான் மாட்டிக்கொண்டது வருமான அனுமதிப்பத்திரத்தில். கார் துண்டு துண்டாகக் கிடந்த நேரத்தில் அதன் திகதி முடிந்தது. புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், அதற்குக் கார் ஓடவேண்டும். பிந்தினால் தண்டப்பணம். தொடங்கும் முன் திகதியைப் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் முடியப்போகிறதென்றால், கார் நொண்டி நொண்டியாவது ஓடுகிறபோதே புகைச் சான்றிதழை எடுத்துவிடுங்கள்.

கடையில் பற்றுச்சீட்டு எழுதும்போது பெட்டியின் இலக்கத்தையும், "பொருந்தாவிட்டால் இத்தனை நாளுக்குள் மாற்றலாம்" என்பதையும் எழுதுவியுங்கள். வாயால் சொன்னது கொழும்பு பஸ் ஏறினால் செல்லாது.

4. காசுக் கணக்கு

"ஓவர்ஹோல் கிட்" என்று கேட்டால் சீல்களும் கஸ்கெற்றுகளும் மட்டுமே வரும். உராய்வுத் தட்டுகளும் சேர்ந்தது பனர் கிட். உருக்குத் தட்டுகளும் சேர்ந்தது மாஸ்டர் கிட். விலை குறைவாகச் சொன்னால் எந்தக் கிட் என்று கேளுங்கள். தண்ணீர் கலந்த பெட்டிக்கு மாஸ்டர் கிட்தான், மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஸ்ரான்லி வீதியில் பில்டர், சீல், எண்ணெய் எடுக்கலாம். கிட் எனக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில்தான் வந்தது. என் பற்றுச்சீட்டுகளின்படி: மாஸ்டர் கிட் 68,000 ரூபாய், பில்டர் 5,500, கொன்வேட்டரைத் திருத்தி அனுப்பிய செலவு 32,000, ரேடியேற்றர் 24,000, எண்ணெய் 14 லீற்றர் 44,800. செயின் புளொக் வாடகை, லேத் வேலை, கிளீனர், கையுறை எல்லாம் சேர்த்து 17,000. பிழையான கிட்டைத் திருப்பியதில் கழித்தது 6,000. கூட்டினால் இரண்டு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் வாசிக்கும்போது இந்த விலைகள் மாறியிருக்கும், விகிதத்தை மட்டும் பாருங்கள். எண்ணெயும் ரேடியேற்றரும் கிட்டின் விலைக்கே வந்துவிட்டன, நான் போட்ட முதல் கணக்கில் இரண்டுமே இல்லை.

ஜப்பானில் இருந்து வந்த பாவித்த பெட்டி ஒன்றை எனக்கு 1,75,000 ரூபாய்க்குச் சொன்னார்கள். ஒரு கிழமை உத்தரவாதம். உங்கள் சம்பளம் கார் ஓடுவதில் தங்கியிருந்தால், நல்ல எண்ணெய் நிறத்தோடு அப்படியொன்று கிடைத்தால், அதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். திருத்துவதில் காசு பெரிதாக மிஞ்சாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரு பெட்டி உங்களுக்குக் கிடைக்கும், அவ்வளவுதான்.

5. காலமும் இடமும்

சோளகக் காற்று வீசும் காலத்தில் திறந்த கொட்டகையில் பெட்டியைப் பிரிக்காதீர்கள். செம்மண் தூசி வால்வுக்குள் போய்ச் சேரும். மாரியில் ஈரம், கழுவிய உருக்குப் பகுதி ஒரே இரவில் கறள் பிடிக்கும். மாசி, பங்குனி நல்ல காலம். பெட்டியை இறக்குவது கொட்டகையில் நடக்கட்டும், பிரிப்பது வீட்டுக்குள், யன்னல் சாத்திய அறையில் நடக்கட்டும். வீட்டில் சண்டை வரும். முன்கூட்டியே சமாதானம் பேசிவையுங்கள்.

நிலம் கொங்கிறீற்றாக இருக்கவேண்டும். மணல் முற்றத்தில் ஸ்டாண்ட் புதையும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே ஒரு நிமிடமும் படுக்காதீர்கள்.

6. இறக்குதல்

இதற்கு இரண்டு பேரும் இரண்டு நாளும் வேண்டும். சில்லுகள் நிலத்தில் இருக்கும்போதே, ஒருவர் பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்க, முன்அச்சு நட்டுகளை 30 மில்லிமீற்றர் சொக்கட்டால் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முயன்றால் கார் ஸ்டாண்டில் ஆடும். நட்டின் நெளித்த விளிம்பை முதலில் நிமிர்த்தவேண்டும்.

பற்றரி, அதன் தட்டு, எயார் கிளீனர், ஸ்ராட்டர், கியர் கேபிள், எண்ணெய்க் குளிராக்கிக் குழாய்கள், வயர் இணைப்புகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒவ்வொரு வயருக்கும் மாஸ்கிங் ரேப் ஒட்டித் தமிழில் எழுதுங்கள். போல்ட்டுகளுக்கு ஒரு மட்டையில் பெட்டியின் வடிவத்தை வரைந்து, அதே இடத்தில் ஓட்டை போட்டுச் செருகிவையுங்கள். நீளம் வேறுபடும், மாறிப் பூட்டினால் அலுமினியம் வெடிக்கும்.

முன்பக்கக் குறுக்குச் சட்டத்தை இறக்கும் முன் ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டிவிடுங்கள். தண்டு கழன்ற நிலையில் ஸ்டியரிங் சுற்றினால் எயார்பாக்கின் சுருள் வயர் அறுந்துவிடும். எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடித்த பிறகே மவுன்டுகளைக் கழற்றவேண்டும். தடித்த ஜி.ஐ. பைப்பை இரு பக்கமும் பலகைத் துண்டில் நிறுத்திச் சங்கிலி போட்டேன். பனஞ்சலாகை போதும் என்று பக்கத்து வீட்டு ஐயா சொன்னார். அவர் சொன்னது பலத்தைப் பொறுத்தவரை சரியாக இருக்கலாம், எனக்குத் துணிவு வரவில்லை.

சிறு யன்னல் வழியே எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி, கொன்வேட்டரின் ஆறு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பெட்டி பிரியும்போது கொன்வேட்டர் பெட்டியோடுதான் வரவேண்டும். அது எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டு பாதியில் விழுந்தால் காலும் போகும், எண்ணெயும் கொட்டும். பிரிந்தவுடன் கம்பியால் குறுக்கே கட்டுங்கள்.

7. மேசையில் திறத்தல்

வெளியை முழுக்கக் கழுவாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள். மண்ணெண்ணெயும் தூரிகையும் போதும். உள்ளே திறந்த பிறகு துணிக்கு வேலையே இல்லை. பழைய சாரத்தைக் கிழித்துத் துடைக்கிற எங்கள் பழக்கம் இங்கே உதவாது, ஒரு நூல் துண்டு போதும் வால்வு ஒட்டிக்கொள்ள. கிளீனரால் கழுவி, காற்றடித்துக் காயவிடுங்கள்.

கீழ்த் தட்டில் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு இருப்பது வழமை. காந்தத்தில் ஒட்டும் துகள் என்றால் பெயாரிங், கியர், தட்டுத் தேய்மானம். ஒட்டாத மஞ்சள் துகள் என்றால் புஷ் தேய்மானம். என்னுடையதில் கறுத்த சேறும் பிய்ந்த உராய்வுப் படையும்.

வால்வு பொடியை, அதாவது எண்ணெயை அந்தந்தக் கிளச்சுக்குத் திருப்பிவிடும் வால்வுகள் உள்ள கட்டையை, பிரிக்கும்போது நடுத் தகட்டை மேற்பாதியோடு அழுத்திப் பிடித்துப் புரட்டவேண்டும். உள்ளே சிறு குண்டுகள் இருக்கின்றன. நான் சும்மா தூக்கினேன், இரண்டு குண்டு மேசையில் உருண்டது. கைநூலின் படம் இல்லாவிட்டால் அவை எங்கிருந்து வந்தன என்று கடவுளுக்குத்தான் தெரிந்திருக்கும். எண்ணெய் வெறும் கறுப்பு என்றால் வால்வு பொடியை முழுக்கப் பிரிக்காமல் கழுவலாம். தண்ணீர் பட்டிருந்தால் ஒவ்வொரு வால்வையும் வெளியே எடுத்துத்தான் ஆகவேண்டும். கழுவிய வால்வு தன் பாரத்திலேயே துளைக்குள் வழுக்கவேண்டும், தள்ளினால்தான் போகும் என்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது. அம்மாவின் இட்லித் தட்டுதான் எனக்குக் குண்டுகளையும் சுருள்வில்களையும் வரிசைப்படுத்த உதவியது. புதுத் தட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

சோலனொய்டுகளை மீற்றரால் பாருங்கள். ஒன்–ஓப் வகை 11 முதல் 15 ஓம் வரை, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் எஸ்.எல்.ரி. 5.0 முதல் 5.6 ஓம் வரை. இது 20 பாகை செல்சியசில் உள்ள அளவு. எங்கள் பங்குனி வெயிலில் சற்றுக் கூடக் காட்டும், பயப்படாதீர்கள்.

டிரம்மைத் தூக்கும்போது அடியில் பெயாரிங்கோ வாஷரோ எண்ணெயில் ஒட்டி வந்து இடையில் விழும். ஒவ்வொன்றைத் தூக்கியதும் அடியைப் பாருங்கள், படம் எடுங்கள், அதன்பிறகு வையுங்கள். என்னிடம் 340 படம் இருந்தது. அதிகம் என்று நினைத்தேன், பூட்டும்போது எடுக்காத படங்களைத்தான் தேடினேன். ஒன்வே கிளச்சுகள் எந்தப் பக்கம் சுழல்கின்றன, எந்தப் பக்கம் பூட்டுகின்றன என்று கழற்றும் முன்பே எழுதிவையுங்கள். பம்ப்பின் இரு கியர்களும் எந்த முகம் மேலே இருந்தன என்பதையும் அப்படியே.

கிளச்சின் சுருள்வில்லை அமுக்க ஒரு கருவி வேண்டும். லேத் பட்டறையில் ஒரு குழாய்த் துண்டில் யன்னல் வெட்டுவித்து, ஜீ-கிளாம்ப்பால் அமுக்கினேன். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சேர்க்ளிப் (பூட்டு வளையம்) பறக்கும்.

8. கொன்வேட்டரும் ரேடியேற்றரும்

கொன்வேட்டர் ஒட்டி மூடிய பாத்திரம். வீட்டில் கழுவ முடியாது. அதற்குள்ளும் லொக்-அப் கிளச்சின் உராய்வுப் படை உண்டு, தண்ணீர் அதையும் விட்டுவைக்காது. வெட்டித் திறந்து, மாற்றி, மீண்டும் ஒட்டிச் சமநிலை பார்க்கிற இடத்துக்கு அனுப்பவேண்டும். பெட்டியை இறக்கிய அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். நான் எல்லாம் பூட்டி முடித்த பிறகு அனுப்பி, பத்து நாள் சும்மா இருந்தேன்.

ரேடியேற்றரை ஒட்டித் திருத்தலாம் என்பார்கள். எண்ணெய்க் குழாய் ஓட்டையான ரேடியேற்றரைத் திரும்பப் போடாதீர்கள். ரேடியேற்றர் நல்லதாக இருந்து வெறும் தட்டுதான் எரிந்தது என்றாலும், குளிராக்கிக் குழாய்க்குள் கிளீனர் விட்டுக் காற்றடித்துச் சுத்தமாக வரும்வரை கழுவுங்கள். பழைய தூள் அங்கிருந்துதான் புதுப் பெட்டிக்குள் வரும்.

9. பூட்டுதல்

புது உராய்வுத் தட்டுகள் குறைந்தது 15 நிமிடம், பெட்டிக்கு ஊற்றப்போகிற அதே ஏ.ரி.எஃப். (ஒட்டோ கியர்) எண்ணெயில் ஊறவேண்டும். நான் இரவு முழுக்க ஊறவிட்டேன். வாஷர், பெயாரிங், குண்டு எல்லாம் இடத்தில் ஒட்டி நிற்க வாசலின் பூசுங்கள். கிறீஸ் வேண்டாம். வாசலின் சூட்டில் எண்ணெயோடு கரையும், கிறீஸ் கட்டியாகிப் பில்டரை அடைக்கும்.

பிஸ்டன் சீலின் உதடு எண்ணெய் அழுத்தம் வரும் பக்கம் பார்க்கவேண்டும். எண்ணெய் தடவி, சுற்றிச் சுற்றி, அவசரமில்லாமல் இறக்குங்கள். மடிந்தால் திரும்பவும் முழுக்கப் பிரிக்கவேண்டி வரும், அதுவும் கார் ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரியவரும்.

ஒவ்வொரு கிளச்சையும் பூட்டியதும் தட்டுகளின் இடைவெளியை அளந்துபாருங்கள். கைநூல் சொல்லும் அளவுக்குள் இல்லையென்றால் வேறு தடிப்பு விளிம்புத் தட்டோ சேர்க்ளிப்போ போட்டுச் சரிசெய்யவேண்டும். "கையால் ஆட்டிப் பார்த்தால் தெரியும்" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு டயல் கேஜ்தான்.

பிறகு காற்றுப் பரிசோதனை. 60 பி.எஸ்.ஐ. அளவு காற்றை அந்தந்தக் கிளச்சின் எண்ணெய்த் துளைக்குள் விட்டால் பிஸ்டன் "டப்" என்று அடிக்கும், விட்டால் திரும்பும். உஸ் என்று சீறிக்கொண்டே இருந்தால் சீல் மடிந்திருக்கிறது. என் சி2 இரண்டாம் தடவைதான் அடித்தது. இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்திருந்தால் பெட்டியை ஏற்றி, திரும்ப இறக்கியிருப்பேன்.

10. ஏற்றுதல்: கொன்வேட்டர் மூன்று தடவை இறங்கவேண்டும்

கொன்வேட்டரைப் பெட்டிக்குள் செருகும்போது உள்தண்டு, நடுக் குழாய், பம்ப் என்று மூன்று இடத்தில் அது பிடிக்கவேண்டும். சுற்றிக்கொண்டே தள்ளினால் ஒவ்வொன்றாக "டக்" என்று இறங்கும். இரண்டு டக்கோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பெட்டியை எஞ்சினோடு சேர்த்தபோது ஒரு விரல் தடிப்பு இடைவெளி நின்றது. போல்ட்டை இறுக்கி இழுத்துவிடலாம் என்று உதவிக்கு வந்த தம்பி ஸ்பனரை எடுத்துவிட்டான். நல்லவேளை தடுத்தேன். அப்படி இறுக்கினால் பம்ப் நொறுங்கும். இரு முகமும் கைப்பலத்தில் ஒட்டவேண்டும், ஒட்டவில்லையென்றால் இறக்கிப் பாருங்கள். கைநூலில் கொன்வேட்டர் எவ்வளவு உள்ளே இருக்கவேண்டும் என்ற அளவும் உண்டு, நேர் அடிமட்டம் வைத்து அளந்துவிட்டே ஏற்றுங்கள்.

கொன்வேட்டர் போல்ட்டுகளில் ஒன்று வேறு நிறத்தில் இருந்தால், அதை முதலில் பூட்டுங்கள். பல ரொயோட்டாக்களில் அதுதான் மையம் காட்டும் போல்ட். மிச்சமெல்லாம் கழற்றியதன் எதிர்வரிசை. கீழ்த் தட்டின் சின்ன போல்ட்டுகளை மட்டும் கை நோக இறுக்காதீர்கள், அவை மிகக் குறைந்த இறுக்கத்துக்குரியவை.

11. எண்ணெயும் முதல் ஓட்டமும்

என்ன எண்ணெய் என்பதைக் கைநூல் சொல்லும். என் காருக்கு ரைப் ரி-4. "எல்லா ஒட்டோவுக்கும் இதுதான் தம்பி" என்று கடைக்காரர் நீட்டுவதை வாங்காதீர்கள். காய்ந்த பெட்டியும் வெற்றுக் கொன்வேட்டரும் சேர்ந்து 7 லீற்றர் அளவு குடிக்கும். முதலில் 4 லீற்றர் ஊற்றி ஸ்ராட் செய்யுங்கள், உடனே இன்னும் கொஞ்சம். பிறேக்கை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, பி-க்கு வந்து குச்சியைப் பாருங்கள். கடைசி அளவு எண்ணெய் 70–80 பாகை சூட்டில் இருக்கும்போது எடுக்கவேண்டும். குளிரில் பார்த்து நிரப்பினால் சூட்டில் கூடி நுரைக்கும்.

முதலில் ஒழுங்கைக்குள் முன்னும் பின்னும். பிறகு கல்லுண்டாய் வெளி வீதி: நேரான பாதை, காலையில் போக்குவரத்துக் குறைவு, நின்றுவிட்டாலும் ஓரங்கட்ட இடம் உண்டு. பண்ணைப் பாலத்தில் பரிசோதிக்காதீர்கள், நின்றால் இரு பக்கமும் கடல்தான். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லை என்பதால் பாரத்தில் எப்படி இழுக்கிறது என்று பார்க்க வழியில்லை. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒருமுறை சாவகச்சேரி வரை போய் வந்தேன். முதல் இரண்டு மூன்று நாள் கியர் மாறும்போது சற்று உதைக்கலாம். ஆனால் எஞ்சின் கத்தி, பிறகு பிடித்தால் உடனே நிறுத்துங்கள்.

தண்ணீர் கலந்த பெட்டியென்றால் 500 கிலோமீற்றரில் எண்ணெயை ஒருதடவை இறக்கி மாற்றுங்கள். ஒரு தடவை இறக்க 3 லீற்றர் அளவுதான் வரும். 14 லீற்றர் வாங்கியது இதற்கும் சேர்த்துத்தான். அந்த நேரம் ரேடியேற்றர் மூடியையும் திறந்து உள்ளே எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இறக்கிய பழைய எண்ணெயைக் கதியால் கரையில் ஊற்றுகிற பழக்கம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்புக்கல்லுக்குள் போனது எங்கே வெளிவரும் என்று யாராலும் சொல்ல ஏலாது. கானில் ஊற்றி, வாகனம் சேர்விஸ் செய்கிற இடத்தில் கொடுங்கள், பழைய எண்ணெயைச் சேர்த்து எடுப்பார்கள். பலூடா நிறத்தில் இருப்பதை வேறு கானில் போட்டு, தண்ணீர் கலந்தது என்று சொல்லிக் கொடுங்கள்.